காயங்களைச் செதுக்கிய கலைஞர் சோம்நாத் ஹோர்

இன்று ஸ்ரீ விஜயபுரம் என வழங்கப்பெறும் போர்ட் பிளேயர் நகரில் செல்லுலார் சிறை அமைந்துள்ளது. 1932ஆம் ஆண்டில் அச்சிறைக்குக் கப்பலில் கொண்டுவரப்பட்ட விடுதலை வீரர்களுள் கணேஷ் கோஷ், லோக்நாத் பால், அனந்த சிங் ஆகியோரும் இருந்தனர். வங்கக் கடலின் வடகிழக்குக் கரையில் உள்ள சிட்டகாங் நகரில், 1930 ஏப்ரல் 18 அன்று சூரிய சென் தலைமையில் ஆங்கிலேயரின் படைக்கலக் கொட்டிலைத் தாக்கிய குழுவினர் இவர்கள். அத்தாக்குதல் நிகழ்ந்தபோது, அம்மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவன் வாழ்ந்து வந்தான். பின்னாளில் அவன் துப்பாக்கியை ஏந்தவில்லை; உளியையும் ஊசியையும் ஏந்தினான். தன் காலத்து மக்கள் பட்ட துயரை மரத்திலும் உலோகத்திலும் காகிதத்திலும் பதித்து வைத்தான். அச்சிறுவனே, இந்தியாவின் தலைசிறந்த அச்சோவியருள் ஒருவராகவும் சிற்பியாகவும் புகழ்பெற்ற சோம்நாத் ஹோர்.

இளமைப் பருவம்

சோம்நாத் ஹோர் 1921ஆம் ஆண்டு ஏப்ரல் 13ஆம் நாள், சிட்டகாங் மாவட்டத்தைச் சேர்ந்த பரமா என்னும் சிற்றூரில் பிறந்தார். அவ்வூர் இன்று வங்கதேசத்தில் உள்ளது. இளம் வயதிலேயே அவர் தந்தையை இழந்தார். உறவினர் அளித்த துணையால் அவருடைய கல்வி தொடர்ந்தது.

அவருடைய பள்ளிப் பருவம் அமைதியானதன்று. படைக்கலக் கொட்டில் தாக்குதலுக்குப் பின் சிட்டகாங் மாவட்டம் காவல் கெடுபிடிக்கு உள்ளாயிற்று. ஊரடங்கும் தேடுதலும் நாள்தோறும் நிகழ்ந்தன. 1934 சனவரி 12 அன்று சூரிய சென் தூக்கிலிடப்பட்டார். ஹோர் அப்போது பதின்மூன்று வயதை எட்டாத சிறுவர். ஆட்சி என்பது எளிய மக்களின் வாழ்வில் எவ்வாறு நுழைகிறது என்பதை அவர் நூல்களில் படிக்கும் முன்னரே கண்ணால் கண்டார்.

போரும் பஞ்சமும்

1942ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் சப்பானியப் படை பர்மாவின் தலைநகரான இரங்கூனைக் கைப்பற்றியது. அதே மாதம் 23ஆம் நாள் அந்தமான் தீவுகளும் அப்படையின் வசமாயின. போர் வங்காளத்தின் வாயிலை நெருங்கியது. கல்லூரிப் படிப்புக்காகக் கல்கத்தா சென்றிருந்த ஹோர், போரின் காரணமாக ஊர் திரும்ப நேர்ந்தது. அவ்வாண்டின் இறுதியில் சிட்டகாங் மாவட்டத்தின் பட்டியா என்னும் ஊர் மீது சப்பானிய வானூர்திகள் குண்டு வீசின. இடிந்து கிடந்த வீடுகளுக்கிடையே சிதறிய மனித உடல்களை ஹோர் கண்டார். கண்டதைத் தாளில் வரைந்தார். முறையான ஓவியப் பயிற்சி எதுவும் அப்போது அவருக்கு இல்லை.

அடுத்த ஆண்டில் இன்னும் பெரிய துன்பம் வந்தது. பர்மா வீழ்ந்ததால் அங்கிருந்து வந்த அரிசி நின்றது. 1942 அக்டோபரில் வீசிய புயல் மேதினிப்பூர்ப் பகுதியின் நெற்பயிரை அழித்தது. பகைவர் கையில் சிக்கக்கூடாது என்று கருதிய ஆங்கில அரசு, கடலோர மக்களின் படகுகளைப் பறித்தது. படகை இழந்த மீனவரும் வணிகரும் பிழைப்பை இழந்தனர். பதுக்கலால் அரிசி விலை ஏழைகளின் கைக்கு எட்டாத உயரம் சென்றது. நகரங்களில் போர்ப்பணி செய்தோருக்கு உணவு கிடைத்தது. அதனை விளைவித்த சிற்றூர் மக்களோ தெருவோரங்களில் மடிந்தனர். 1943ஆம் ஆண்டின் அவ்வங்கப் பஞ்சத்திலும் அதனைத் தொடர்ந்த நோய்களிலும் ஏறத்தாழ 30 லட்சம் பேர் இறந்ததாக மதிப்பிடப்படுகிறது.

அக்காலத்தில் ஹோர் பொதுவுடைமை இயக்கத்தில் இணைந்து பணியாற்றினார். அங்கே சித்தப்பிரசாத் என்னும் ஓவியரின் நட்பு கிடைத்தது. பஞ்சப் பகுதிகளில் நடந்தே சென்று கோட்டோவியங்கள் தீட்டியவர் சித்தப்பிரசாத். பசியால் வாடுவோரையும் நோயுற்றோரையும் நேரில் கண்டு வரையுமாறு அவர் ஹோரை ஊக்கினார். சாலையோரத்திலும் மருத்துவ முகாமிலும் அமர்ந்து ஹோர் வரையத் தொடங்கினார். அவ்வோவியங்கள் இயக்கத்தின் இதழ்களில் வெளிவந்தன.

பசித்தவருக்குத் தேவை சோறே அன்றி ஓவியம் அன்று. அவ்வாறிருக்க, அவர் முன் எழுதுகோலுடன் அமர்வதால் என்ன பயன் என்னும் வினா இங்கு எழுகிறது. அக்காலச் சூழலை அறிந்தால் விடை புலப்படும். பஞ்சம் என்று முறைப்படி அறிவித்தால் பஞ்சச் சட்ட விதிகளின்படி உதவிகளை வழங்க வேண்டும். வங்காள அரசு இறுதிவரை அவ்வாறு அறிவிக்கவில்லை. சித்தப்பிரசாத் வெளியிட்ட பஞ்சச் சித்திர நூலின் படிகளை ஆங்கில அரசு கைப்பற்றி எரித்தது. மறைக்கப்படும் உண்மைக்குச் சான்று வேண்டியிருந்தது. அச்சான்றாக நின்றவை இவ்விளைஞர்களின் கோடுகளே.

கலைக் கல்வி

1945ஆம் ஆண்டில் ஹோர் கல்கத்தா அரசு கலைக் கல்லூரியில் சேர்ந்தார். பஞ்சத்தின் கொடுமையைக் கருமையால் தீட்டிப் புகழ்பெற்ற சைனுல் ஆபிதீன் அங்கு ஆசிரியராக இருந்தார். சஃபியுத்தீன் அகமது என்னும் ஆசிரியரிடம் ஹோர் அச்சோவியக் கலையைக் கற்றார்.

ஒரு பலகையில் அல்லது தகட்டில் உருவத்தைச் செதுக்கி, அதில் மை பூசி, தாளில் ஒற்றி எடுக்கும் கலையே அச்சோவியம். மரச்செதுக்கு அச்சில், செதுக்கி நீக்கிய இடம் தாளில் வெண்மையாகத் தெரியும். செதுக்காமல் விட்ட இடம் மையேற்றுக் கருமையாகப் பதியும். பலகையில் வலப்புறம் நிற்பவர் தாளில் இடப்புறம் நிற்பார். எனவே, கலைஞர் உருவத்தைத் தலைகீழ் மாற்றத்துடன் மனத்தில் கண்டே உளியை வைக்க வேண்டும். ஒருமுறை செதுக்கிய கோட்டைத் திருத்த இயலாது.

வண்ண ஓவியம் ஒன்று ஒருவர் வீட்டுச் சுவரை மட்டுமே அணிசெய்யும். அச்சோவியமோ ஒரே பலகையிலிருந்து பல படிகளாக வெளிவரும். குறைந்த விலையில் பலரைச் சென்றடையும். மக்களுக்காக வரைய விரும்பிய ஓர் இளைஞருக்கு இக்கலை பொருத்தமாக அமைந்ததில் வியப்பில்லை.

உழவரின் நடுவே

1946ஆம் ஆண்டின் இறுதியில் வடக்கு வங்காளத்தில் தேபாகா என்னும் உழவர் போராட்டம் பரவியது. வாரத்திற்கு நிலம் உழுத குடியானவர்கள் அதுவரை விளைச்சலில் பாதியை நிலவுடைமையாளருக்கு அளந்து வந்தனர். விளைச்சலை மூன்று பங்காக்கி இரண்டு பங்கு உழுதவருக்கே உரியதாக வேண்டும் என அவர்கள் கோரினர். அறுத்த கதிரை நிலவுடைமையாளரின் களத்தில் அன்றித் தம் களத்திலேயே அடிப்போம் என்றும் உறுதி பூண்டனர்.

அப்போராட்டத்தைக் கண்டு பதிவு செய்ய ஹோர் ரங்பூர் மாவட்டத்திற்கு அனுப்பப்பட்டார். குடியானவர்களுடன் அவர் தங்கினார். அவர்கள் உண்டதை உண்டார். அவர்களோடு ஊர் ஊராக நடந்தார். விளக்கொளியில் நடைபெற்ற இரவுக் கூட்டங்களையும், கதிர் சுமந்து வரும் பெண்களையும், கம்பு ஊன்றி நிற்கும் முதியவர்களையும் வரைந்தார். நாள்தோறும் கண்டதைக் குறிப்பேட்டில் எழுதியும் வைத்தார். அவ்வெழுத்தும் ஓவியமும் பிற்காலத்தில் தேபாகா நாட்குறிப்பு என்னும் நூலாயின. அவ்வோவியங்களை அடிப்படையாகக் கொண்டு மரச்செதுக்கு அச்சோவியங்கள் பலவற்றையும் அவர் படைத்தார்.

பஞ்ச ஓவியங்களுக்கும் இவற்றிற்கும் பெரியதொரு வேறுபாடு உண்டு. முன்னவற்றில் மனிதர் வீழ்ந்து கிடந்தனர்; பின்னவற்றில் மனிதர் எழுந்து நின்றனர். துன்பப்படும் மனிதர் இரக்கத்திற்குரியவர் மட்டும் அல்லர்; தம் உரிமையைக் கேட்கும் ஆற்றலும் உடையவர் என்பதை ஹோர் ரங்பூரில் கற்றுக்கொண்டார். 1947ஆம் ஆண்டில் வடக்கு வங்காளத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் வாழ்வையும் அவர் இவ்வாறே பதிவு செய்தார்.

நாடு விடுதலை பெற்றபோது வங்காளம் இரண்டாகப் பிரிந்தது. ஹோர் பிறந்த ஊர் வேற்று நாட்டிற்கு உரியதாயிற்று. கிழக்கு வங்காளத்திலிருந்து பெயர்ந்த குடும்பங்களுள் ஒரு பகுதியினர் 1949 முதல் அந்தமான் தீவுகளில் குடியமர்த்தப்பட்டனர். காடு திருத்திக் கழனி கண்ட அவ்வுழவர்கள், ஹோர் வரைந்த குடியானவர்களின் மண்ணிலிருந்து வந்தவர்களே.

ஆசிரியப் பணி

1954 முதல் ஹோர் கல்கத்தாவில் கலை ஆசிரியராகப் பணியாற்றினார். 1958ஆம் ஆண்டில் தில்லிக் கலைக் கல்லூரியில் அச்சோவியப் பிரிவின் பொறுப்பை ஏற்றார். அவருடைய மனைவி ரேபா ஹோரும் ஓவியர். மகள் சந்தனா ஹோரும் பெற்றோரின் வழியில் கலைஞரானார்.

தில்லியில் வாழ்ந்த காலத்தில் அவர் உலோகத் தகட்டு அச்சில் ஆழ்ந்த ஆய்வுகளை மேற்கொண்டார். மெழுகுப் பூச்சிட்ட தகட்டில் ஊசியால் கீறி, அதனை அமிலத்தில் இட்டால், கீறிய கோடுகளை மட்டும் அமிலம் அரிக்கும். அரித்த பள்ளத்தில் மையை நிரப்பி, ஈரத்தாளை வைத்து உருளையால் அழுத்தினால் ஓவியம் பதியும். அமிலம் தகட்டைத் தின்னும் இச்செயலை ஹோர் வெறும் தொழில்நுட்பமாகக் கருதவில்லை. காயம் பட்ட உடலைப் போலவே தகடும் அரிபட்டுப் பிளவுபடுவதை அவர் கண்டார். கருவியும் கருப்பொருளும் அவர் கையில் ஒன்றாயின.

இக்காலத்தில் அவர் படைத்தவற்றுள் வெள்ளை ரோசாவின் பிறப்பு என்னும் அச்சோவியம் குறிப்பிடத்தக்கது. லலித் கலா அகாதெமியின் தேசிய விருது 1960, 1962, 1963 ஆகிய ஆண்டுகளில் அவருக்கு வழங்கப்பட்டது. ஆயினும் தலைநகரின் புகழ்ச்சூழலில் அவர் நிலைத்திருக்க விரும்பவில்லை. 1960களின் இறுதியில் தில்லிப் பணியை விட்டு விலகிச் சாந்திநிகேதனை அடைந்தார். இரவீந்திரநாத் தாகூர் நிறுவிய விசுவபாரதியின் கலாபவனத்தில் அச்சோவியத் துறைத் தலைவரானார். அதன்பின் இறுதிவரை அவ்வூரே அவருக்கு இருப்பிடமாயிற்று.

காயங்கள்

1970ஆம் ஆண்டையொட்டி வங்காளம் மீண்டும் குருதி சிந்தியது. மேற்கு வங்கத்தின் தெருக்களில் அரசியல் வன்முறை மிகுந்தது. 1971இல் வங்கதேச விடுதலைப் போர் மூண்டது. ஏறத்தாழ ஒரு கோடிப் பேர் ஏதிலிகளாக இந்தியாவுக்குள் வந்தனர். தொலைவில் வியட்நாமில் போர் தொடர்ந்து நடந்தது. தாம் இளமையில் கண்ட காட்சிகள் உலகெங்கும் மீண்டும் நிகழ்வதை ஹோர் உணர்ந்தார். ஆனால், அவற்றை முன்போல மனித உருவங்களாக அவர் வரையவில்லை. எல்லா உடலுக்கும் பொதுவான ஒன்றை, காயத்தை மட்டும் அவர் எடுத்துக்கொண்டார்.

அதற்கெனப் புதிய முறை ஒன்றை அவர் கண்டறிந்தார். களிமண்ணைத் தட்டையாகப் பரப்பி, அதனைக் கத்தியால் கீறினார். சூடேற்றிய கம்பியால் துளைத்தார். அதன்மீது சிமெந்தைக் கொட்டி அச்சு எடுத்தார். அவ்வச்சில் காகிதக் கூழை இட்டு அழுத்தி உலரவைத்தார். உலர்ந்த கூழை எடுத்தபோது, வெள்ளைத் தாளில் வெள்ளைக் கீறல்களும் பள்ளங்களும் எஞ்சின. அவற்றில் மையில்லை, உருவமில்லை. சிலவற்றில் மட்டும் செந்நிறம் சற்றே கசிந்திருக்கும். காயங்கள் என்று பெயர் பெற்ற இவ்வரிசை, இந்திய அச்சோவிய வரலாற்றில் தனியிடம் பெற்றது.

இவ்வெண்தாள்களைத் தொலைவிலிருந்து காண்பவர் வெறுந்தாள் என்றே எண்ணுவர். அருகே சென்று, ஒளி சாய்ந்து விழும் கோணத்தில் நோக்கினால்தான் வடுக்கள் தெரியும். பிறர் துன்பமும் அத்தகையதே. அருகே செல்லாதவர் கண்ணுக்கு அது புலப்படுவதில்லை.

வெண்கலச் சிற்பங்கள்

அச்சோவியத்தில் தேர்ந்த ஹோர், ஐம்பது வயதைக் கடந்தபின் 1974ஆம் ஆண்டளவில் வெண்கலச் சிற்பக் கலையில் ஈடுபட்டார். மெழுகால் உருவம் செய்து, அதன்மேல் மண் பூசி, சூடேற்றி மெழுகை உருக்கி வெளியேற்றி, அவ்வெற்றிடத்தில் உருக்கிய உலோகத்தை வார்ப்பது தொன்மையான முறை. சோழர் காலச் செப்புத் திருமேனிகள் இம்முறையில் உருவானவை. காவிரிக்கரையில் உள்ள சுவாமிமலையில் ஸ்தபதிகள் இன்றும் இம்முறையைப் பின்பற்றுகின்றனர். அவர்கள் வார்த்த திருமேனியை அரத்தால் தேய்த்து, உளியால் நுணுக்கி, வடுவின்றி மெருகேற்றுவர். ஹோர் அதற்கு நேர்மாறான வழியில் சென்றார். மெழுகைத் தகடுகளாக்கி மடித்தார், கிழித்தார், சூடான கருவியால் ஒட்டினார். ஒட்டிய தழும்பையும் கிழிந்த விளிம்பையும் அவ்வாறே உலோகத்தில் வார்த்தார்.

அவருடைய சிற்பங்களில் பெரும்பாலானவை சிறியவை. மெலிந்த கைகால்கள், குழிந்த வயிறு, எலும்பு தெரியும் விலா எனப் பசியின் உருவங்களாக அவை அமைந்தன. உள்ளீடற்ற உடல்களின் பிளவுகள் வழியே ஒளி புகும். மனிதரை மட்டுமன்றி நாய், ஆடு முதலிய உயிர்களையும் அவர் இவ்வாறே படைத்தார். உலோகம் உறுதியானது, ஆனால் அவர் கையில் அது மனிதத் தோலைப் போல எளிதில் புண்படும் பொருளாகத் தோன்றியது.

இழப்பும் உறுதியும்

வியட்நாம் மக்களின் துயருக்கும் மனவுறுதிக்கும் வணக்கம் செலுத்தும் வகையில், தாயும் சேயுமாகிய சிற்பம் ஒன்றை ஹோர் செய்யத் தொடங்கினார். அவர் செய்த பெரிய வெண்கலச் சிற்பங்களுள் அதுவும் ஒன்று. ஏறத்தாழ மூன்றாண்டு உழைப்பில் அது நிறைவெய்தியது. முடிந்த சிறிது காலத்திலேயே, 1977ஆம் ஆண்டில், அச்சிற்பம் கலாபவனத்திலிருந்து களவு போயிற்று. அது மீண்டும் கிடைக்கவேயில்லை.

அச்சோவியம் ஒன்று தொலைந்தால் மற்றொரு படி எஞ்சியிருக்கும். ஹோர் செய்த வெண்கலச் சிற்பத்திற்கோ மறுபடி இல்லை. வார்ப்பின்போதே மெழுகுரு உருகி அழிந்துவிடும். எனவே, அக்களவு மூன்றாண்டு உழைப்பை ஒரே நாளில் இல்லாமல் ஆக்கியது. அவ்வளவு பெரிய இழப்புக்குப் பின்னும் அவர் கலையைக் கைவிடவில்லை. மீண்டும் மெழுகைக் கையில் எடுத்தார். அடுத்து வந்த ஆண்டுகளில் அவர் வார்த்த சிறு வெண்கலங்களே இன்று அவருடைய சிற்பப் புகழுக்கு அடிப்படையாக உள்ளன. காயத்தை மறைக்காமல் அதனோடு வாழ்வது எப்படி என்பதைத் தம் படைப்பில் மட்டுமன்றி வாழ்விலும் அவர் காட்டினார்.

1980களில் கலாபவனப் பணியிலிருந்து ஓய்வு பெற்றபின்னும் ஹோர் சாந்திநிகேதனிலேயே எளிய வாழ்க்கை நடத்தினார். 2006 அக்டோபர் 1 அன்று, தம் 85ஆம் வயதில் இயற்கை எய்தினார். அடுத்த ஆண்டு இந்திய அரசு அவருக்குப் பத்மபூசண் விருதை மறைவுக்குப்பின் வழங்கிச் சிறப்பித்தது.

முடிவுரை

சோம்நாத் ஹோர் பல பொருள்களைக் கையாண்டார். மரம், துத்தநாகம், காகிதக் கூழ், வெண்கலம் என ஊடகம் மாறிக்கொண்டே இருந்தது. மாறாதிருந்தது அவர் நோக்கம் ஒன்றே. இருபத்திரண்டு வயதில் தெருவோரத்தில் கண்ட பசித்த முகத்தை அவர் அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக மறக்கவில்லை, பிறரையும் மறக்கவிடவில்லை. பஞ்சம் எத்தனை பேரைக் கொன்றது என்பதை வரலாற்று நூல் எண்ணால் கூறும். ஹோரின் கலையோ அவர்களுள் ஒருவரை நம் எதிரே நிறுத்தும். எண்ணைப் படித்துக் கடந்துவிடலாம். எதிரே நிற்பவரைக் கடந்து செல்வது எளிதன்று.

பயிற்சி

அ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.
1. சிட்டகாங்கிற்கும் செல்லுலார் சிறைக்கும் உள்ள தொடர்பு யாது?
2. மரச்செதுக்கு அச்சில் வெண்மையும் கருமையும் எவ்வாறு தோன்றுகின்றன?
3. தேபாகா உழவர்களின் கோரிக்கைகள் யாவை?

ஆ. ஒரு பத்தியில் விடை எழுதுக.
4. சுவாமிமலை ஸ்தபதிகளின் வார்ப்பு முறையும் ஹோரின் வார்ப்பு முறையும் எவ்வாறு ஒத்தும் வேறுபட்டும் அமைகின்றன?
5. பசித்தவரை ஓவியமாக வரைவதால் பயன் உண்டா? பாடக் கருத்துகளைக் கொண்டு உம் எண்ணத்தை விளக்குக.

இ. செயல்திட்டம்
6. ஓர் உருளைக்கிழங்கை இரண்டாக வெட்டி, அதன் பரப்பில் எளிய உருவம் ஒன்றைச் செதுக்கி, மை தொட்டுத் தாளில் பதிக்க. செதுக்கிய உருவமும் பதிந்த உருவமும் எவ்வாறு மாறியுள்ளன என்பதை நான்கு தொடர்களில் எழுதுக.